அப்பா விட்டுப்போன துப்பாக்கி: டிரஸ்டா, லைசென்ஸா?

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, வந்த உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகுதான் நம் வீடுகளில் இறந்தவரின் பீரோவைத் திறப்பார்கள். நிலத்து கிராண்ட், பேங்க் புத்தகம், இபிஎஃப் கடிதம், என்றோ வைத்த நகையின் அடகுச் சீட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பேரா மாநிலத்தின் லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் பக்கம் நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்திருந்த சில குடும்பங்களில் இவற்றோடு இன்னொன்றும் வரும். பழைய கைலியில் சுற்றி வைத்த வேட்டைத் துப்பாக்கி. நடுவில் மடித்துத் தோட்டா போடும் வகை என்பதால் மலாயில் அதை ‘செனாப்பாங் பாத்தா’ என்பார்கள். பக்கத்தில் தோட்டாப் பெட்டியும் மூலை மடிந்த லைசென்ஸும் இருக்கும்.

“அப்பா கை பட்ட பொருள், நானே வச்சுக்கறேன்” என்பார் மூத்த மகன். “டிரஸ்ட் ஒண்ணு எழுதி அது பேர்ல போட்டுடலாம் அத்தை, அமெரிக்காவுல அப்படித்தான் செய்யறாங்களாம்” என்பார் மருமகன். இரண்டு பேரும் பாசத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் இந்த இரண்டு யோசனைகளுமே அந்தக் குடும்பத்தை வழக்கு, சிறை வரை கொண்டுபோய் விடக்கூடியவை. டிரஸ்ட் எதற்கு உதவும், எதற்கு உதவாது, துப்பாக்கியை முறையாக என்ன செய்வது என்பதை இந்த அத்தியாயம் படிப்படியாகச் சொல்கிறது. வீட்டில் துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே இதைப் படித்துவிடுவது நல்லது.

டிரஸ்ட் பேச்சு எங்கிருந்து வந்தது

அமெரிக்காவில் 1934-ல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. இயந்திரத் துப்பாக்கி, சத்தத்தை அடக்கும் குழாய், குழல் குட்டையான துப்பாக்கி போன்றவற்றை அரசிடம் பதிய வேண்டும், 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்று அது விதித்தது. யார் பெயரில் பதிவோ அவரே அதைக் கையாளலாம். மனைவியோ மகனோ தனியாக எடுத்துப் போனால் குற்றம். அதனால் பலர் ஒரு டிரஸ்ட் எழுதி, குடும்பத்தாரை டிரஸ்டிகளாகப் போட்டு, அந்த டிரஸ்டின் பெயரில் பதிந்தார்கள். டிரஸ்டிகள் எல்லோரும் அதைப் பயன்படுத்த முடிந்தது. ஒருவர் இறந்தாலும் பொருள் டிரஸ்டிலேயே தங்கியது. 2016 ஜூலையிலிருந்து அங்கேயும் விதி இறுகிவிட்டது. டிரஸ்டில் பொறுப்புள்ள ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் கொடுத்துப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும்.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வேறொரு கதை சொல்வார்கள். இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, அவர் அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தாம் குறிப்பிடும் வாரிசுக்கு அதை மாற்றக் கேட்கலாம். அவர் இறந்துவிட்டால் வாரிசே விண்ணப்பிக்கலாம். அங்கேயும் வாரிசு என்பதற்காகவே துப்பாக்கி கைக்கு வந்துவிடாது. அவர் பெயரில் புது லைசென்ஸ் கிடைத்தாக வேண்டும்.

இரண்டுமே அந்தந்த நாட்டுச் சட்டத்தில் முளைத்த வழிகள். லூமுட்டில் இருக்கும் துப்பாக்கிக்கு மலேசியச் சட்டம் மட்டுமே செல்லும்.

நம் நாட்டில் ஏன் இவ்வளவு கண்டிப்பு

1948 ஜூன் 16 அன்று, இதே பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அதோடு தொடங்கியது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று அப்போதைய ஒழுங்குவிதிகள் சொல்லின. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஒரு ரிவால்வரும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில், 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பால்மரக் காட்டில் வேலை செய்த நம் தாத்தாமார்கள் இதை நேரில் அறிந்தவர்கள். வீட்டில் துப்பாக்கிப் பேச்சு எடுத்தாலே பழையவர்கள் வாயைப் பொத்தியது வெறும் பயந்த சுபாவத்தால் அல்ல.

அவசரகாலம் 1960 ஜூலை 31-ல் முடிந்தது. இன்று நம்மைக் கட்டுப்படுத்தும் ஆயுதச் சட்டமும் அதே 1960-ஆம் ஆண்டின் சட்டம்தான். அதோடு 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டமும் சேர்கிறது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் இவை:

• ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• 1971 சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் 6-க்குக் குறையாத பிரம்படியும்.

சட்டம் ‘வைத்திருத்தல்’ என்று சொல்லும்போது அதன் பொருள் அகலமானது. கையில் ஏந்துவது மட்டும் அல்ல. உங்கள் காவலில் இருப்பதும், உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதும் அதற்குள் வரும். பீரோச் சாவி உங்கள் இடுப்பில் இருந்தால், உள்ளே இருப்பது உங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்று கேள்வி எழும்.

ஒரு பொருள், இரண்டு கயிறு

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மனத்தில் நிறுத்த முடியும் என்றால், இதை நிறுத்துங்கள். ஒரு துப்பாக்கியை இரண்டு கயிறுகள் கட்டியிருக்கின்றன.

முதல் கயிறு சொத்துரிமை. அப்பா காசு கொடுத்து வாங்கினார். அவர் இறந்ததும் அதன் மதிப்பு அவர் விட்டுப்போன சொத்தோடு சேர்ந்து வாரிசுகளுக்குப் போகும்.

இரண்டாவது கயிறு லைசென்ஸ். அது அப்பா என்ற ஆளைப் பார்த்துக் கொடுத்தது. அவருடைய நடத்தை, அவருக்கு இருந்த தேவை, அவர் வைத்திருந்த நிலம் எல்லாவற்றையும் விசாரித்து மாநிலப் போலீஸ் தலைவரின் அதிகாரத்தில் வழங்கப்பட்டது. அவர் மூச்சோடு அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. உயிலால் அதைக் கட்ட முடியாது, டிரஸ்டாலும் முடியாது.

டிரஸ்ட் என்பது மூச்சு விடும் ஆள் கிடையாது. டிரஸ்டிகளின் பெயரில் உள்ள பொருளும், அதை இன்னாருக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று அவர்கள் தலையில் ஏறிய கடமையும் சேர்ந்ததுதான் டிரஸ்ட். துப்பாக்கியை அதற்குள் போட்டால் அதை வைத்திருக்கப் போவது டிரஸ்டிகள். அவர்களிடம் லைசென்ஸ் இல்லையென்றால், வக்கீல் முத்திரை போட்ட பத்திரம் கையில் இருந்தாலும் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான்.

கடற்படைத் தளம் உள்ள ஊர் என்பதால் லூமுட்டில் இன்னொரு எண்ணமும் உலவுகிறது. “நான் இருபது வருஷம் நேவியில ஆயுதம் கையாண்டவன், எனக்குத் தெரியாததா?” என்பார்கள். கையாளத் தெரிவது வேறு, லைசென்ஸ் இருப்பது வேறு. பணியில் கையாண்ட ஆயுதம் அரசின் பொருள். வீட்டுத் துப்பாக்கிக்கு அந்த அனுபவம் லைசென்ஸ் ஆகாது.

அப்பா இருக்கும்போதே செய்ய வேண்டியவை

*ஒன்று: ஒரு ஃபைல்.* லைசென்ஸ் நகல், வாங்கிய ரசீது, துப்பாக்கியில் பொறித்த எண், கையிருப்புத் தோட்டாக் கணக்கு, கடைசியாகப் புதுப்பித்த தேதி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சாவி மட்டும் லைசென்ஸ் உள்ளவரிடமே இருக்க வேண்டும்.

*இரண்டு: தேவை இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள்.* பெரும்பாலும் பயிரைக் காக்கத்தான் அந்த லைசென்ஸ் வாங்கியிருப்பார். காட்டுப்பன்றி இளஞ்செம்பனைக் கன்றைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டால் மூன்று வருட உழைப்பு போயிற்று. இப்போது மரம் உயர்ந்துவிட்டதா? நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்றா? அப்பாவுக்குக் கண்ணும் கையும் முன்போல் இல்லையா? அப்படியானால் அவர் கையாலேயே, அவர் லைசென்ஸ் நடப்பில் இருக்கும்போதே, போலீஸ் அனுமதியோடு லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் விற்றுவிடுவதுதான் எல்லாவற்றிலும் சுலபமான வழி. அவர் வாங்கியதை அவரே மரியாதையோடு இறக்கி வைப்பது அது.

*மூன்று: நிலத்தையும் துப்பாக்கியையும் சேர்த்து யோசியுங்கள்.* பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி கேட்பவரிடம், காக்க வேண்டிய பயிர் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். நிலம் தங்கைக்கு, துப்பாக்கி கோலாலம்பூரில் ஃபிளாட்டில் இருக்கும் அண்ணனுக்கு என்று பிரித்தால் அண்ணனின் விண்ணப்பம் நிற்க இடமில்லை. நிலத்தில் இறங்கி வேலை பார்ப்பவர் யாரோ அவரே விண்ணப்பிக்கப் பொருத்தமானவர். மகளாக இருந்தாலும் அப்படித்தான்.

*நான்கு: உயிலில் ஒரு வரி.* முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டம் பொருந்தும். எழுதுபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடன் இருக்க வேண்டும். உயிலால் பயன் பெறுபவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அவர்களுக்கு எழுதிய பங்கு போய்விடும். துப்பாக்கிக்கு இப்படி எழுதலாம்:

“என் பெயரில் லைசென்ஸ் உள்ள வேட்டைத் துப்பாக்கியை, என் மகள் தன் பெயரில் லைசென்ஸ் பெற்றால் அவருக்குத் தருகிறேன். அவர் லைசென்ஸ் பெறாவிட்டாலோ வேண்டாம் என்றாலோ, அதை லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் சட்டப்படி விற்று, வரும் பணத்தை என் மீதிச் சொத்தோடு சேர்க்க வேண்டும்.”

இந்த வரி லைசென்ஸைக் கொடுத்துவிடாது. ஆனால் போலீஸ் மறுத்தால் அடுத்து என்ன என்பதை அப்பாவே சொல்லிவிட்டுப் போகிறார். அண்ணன் தம்பி சண்டைக்கு இடமில்லாமல் போகிறது.

இறப்பு நேர்ந்த நாளில்

சாவு வீட்டில் இறந்தவரின் பீரோவைப் பதினாறு நாள் தொடாமல் இருப்பது நம் வழக்கம். துப்பாக்கி விஷயத்தில் சட்டம் கருமாதி வரை காத்திருக்கும் என்று எண்ணாதீர்கள்.

1. துப்பாக்கியைத் தொடாதீர்கள். அது இருக்கும் அறையைப் பூட்டுங்கள். பிள்ளைகள் போகாமல் பாருங்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று மடித்துப் பார்க்கும் ஆசையே வேண்டாம்.

2. குடும்பத்தில் நிதானமான ஒருவர் லைசென்ஸையும் தன் ஐசியையும், கையில் கிடைத்திருந்தால் இறப்புப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். பத்திரம் இன்னும் வரவில்லை என்பதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். முதலில் தகவல், பிறகு பத்திரம்.

3. துப்பாக்கியைக் காரில் போட்டு நீங்களே கொண்டு போகாதீர்கள். வழியில் ரோடு பிளாக்கில் நிறுத்தினால், “போலீஸில் கொடுக்கத்தான் போகிறேன்” என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல் விழும். “வீட்டில் இன்ன எண்ணுள்ள துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ்காரர் காலமாகிவிட்டார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் முறைப்படியே செய்யுங்கள்.

4. போலீஸ் ரிப்போர்ட் எழுதி அதன் நகலை வாங்குங்கள். துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒப்படைத்ததற்கு எண்ணிக்கையோடு ரசீது கேளுங்கள். அந்த ரசீது பிறகு சொத்துப் பிரிக்கும்போது தேவைப்படும்.

ஒப்படைத்த பிறகு மூன்று வழிகள்

*வாரிசு தன் பெயரில் விண்ணப்பிப்பது.* லூமுட் அடங்கிய மஞ்சோங் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கும் பிரிவில் விசாரித்து அங்கே தொடங்குங்கள். முடிவு ஈப்போவில் உள்ள மாநிலப் போலீஸ் தலைமையகத்தின் கையில். நிலத்து கிராண்ட், பயிர்ச் சேத விவரம், உங்கள் வேலை, குற்றப் பின்னணி இல்லாமை எல்லாம் பார்க்கப்படும். அப்பாவின் பெயர் உங்களுக்குச் சிபாரிசு ஆகாது. புதிதாகக் கேட்பவர் போலவே கேட்க வேண்டும்.

*விற்பது.* லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ, வாங்கும் அனுமதி பெற்ற ஒருவரிடமோ போலீஸ் வழியாக மட்டுமே விற்கலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு கைமாற்றினால் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து மாட்டுவார்கள்.

*முழுதாக ஒப்படைத்துவிடுவது.* பழையது, துரு ஏறியது, விலை போகாதது என்றால் எல்லா வாரிசுகளும் எழுத்தில் சம்மதித்து அரசிடம் விட்டுவிடுங்கள். ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் நாளை, “அப்பா துப்பாக்கியை அவன் தொலைத்துவிட்டான்” என்ற பேச்சு வரும்.

அப்படியானால் டிரஸ்ட் எதற்கு?

நிலத்துக்கும் பணத்துக்கும் டிரஸ்ட் நன்றாகவே பயன்படும். பேரப்பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை செம்பனை வருமானத்தை டிரஸ்டிகள் பாதுகாக்கலாம். துப்பாக்கி விற்ற பணத்தையும் அதில் போடலாம். துப்பாக்கியை மட்டும் உள்ளே விடாதீர்கள். நிலம் டிரஸ்டில் இருந்து, அங்கே பன்றித் தொல்லையும் இருந்தால், நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் தன் பெயரில், தன் பொறுப்பில் விண்ணப்பிக்க வேண்டும்.

உயில் இல்லாவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது சொத்தைப் பொறுத்தது. நிலமும் சேர்ந்து மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் சிறுசொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலக வழியாகப் போகலாம். 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. நிலமே இல்லாமல் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் அசையும் சொத்து மட்டும் என்றால் அரசின் சொத்து நிர்வாக நிறுவனமான அமானா ராயாவை அணுகலாம். உயில் இருந்தால் உயர்நீதிமன்றத்தில் அதை மெய்ப்பிக்க வேண்டும்.

முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி பிரிப்பார்கள். மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள், இறந்தவரின் பெற்றோர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. துப்பாக்கி 1,800 ரிங்கிட்டுக்குப் போனால் அம்மாவுக்கு 600, பிள்ளைகளுக்குத் தலைக்கு 400. துப்பாக்கியை நான்காக வெட்ட முடியாது, பணத்தைப் பிரிக்க முடியும். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பங்கு ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி போகும். லைசென்ஸ் விதியோ எல்லோருக்கும் ஒன்றே.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*தாத்தாவின் காற்றுத் துப்பாக்கிதானே, அதற்குமா?* ஆமாம். காற்றுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது.

*சுடாத பழைய குழலைச் சுவரில் அழகுக்கு மாட்டலாமா?* மாட்டாதீர்கள். துப்பாக்கியின் பாகமும் ஆயுதமாகக் கருதப்படும்.

*தோட்டத்துக் கொட்டகையில் வீட்டிலேயே தட்டிச் செய்த நாட்டுத் துப்பாக்கி கிடக்கிறது.* ‘பாக்காகுக்’ என்று சொல்லும் அந்த வகைக்கு லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை. தொடாமல் உடனே போலீஸுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் முதலில் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு, அவர் துணையோடு போங்கள்.

*யாருக்கும் தெரியாமல் டிண்டிங்ஸ் ஆற்றில் போட்டுவிட்டால்?* போலீஸ் பதிவில் அந்த எண் இருக்கும். துப்பாக்கி எங்கே என்று ஒரு நாள் கேட்பார்கள். அன்று உங்களிடம் காட்ட ரசீது இருக்காது.

*லைசென்ஸ் கிடைத்துவிட்டால் பன்றியைச் சுடலாமா?* வனவிலங்குகளுக்கு 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் துப்பாக்கியைத் தூக்க வேண்டும்.

இன்றே செய்ய ஒரு வேலை

அப்பாவுக்கு அந்தத் துப்பாக்கி எத்தனை நினைவுகளைச் சுமக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். கித்தா மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட வருடம், பன்றிக்காக விடிய விடியக் கண்விழித்த வாரம், முதல் குலை இறக்கிய நாள். அந்த நினைவைக் காப்பாற்ற விரும்பினால் கதைகளைக் கேட்டு எழுதி வையுங்கள். துப்பாக்கியோடு நிற்கும் படம் இருந்தால் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

இன்று இரவு சாப்பாடு முடிந்து அவர் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். “அப்பா, லைசென்ஸ் எப்ப முடியுது? உங்களுக்கு அப்புறம் அதை என்ன செய்யணும்னு நினைக்கறீங்க?” என்று கேளுங்கள். கேட்கக் கூசும் கேள்விதான். ஆனால் அதற்கு அவர் ஒருவரால்தான் பதில் சொல்ல முடியும். அவர் சொல்வதை அந்த ஃபைலின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதி, அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அது உயில் ஆகாது. ஆனால் அடுத்த வாரம் வக்கீலிடம் உயில் எழுதப் போகும்போது, என்ன எழுதுவது என்ற கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கும்.